பள்ளி நூலகத்தின் சாவி

பழனிக்கு அருகே மலையடிவாரத்தில் உள்ள நம் பாலசமுத்திரத்தில் கல்விப் பணி ஆற்றிவரும் நம் சங்கம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. இம்மலரில் உதவித்தொகை பற்றியும் விடுதிகள் பற்றியும் அறிஞர் பலர் எழுதுவர். நாம் எழுத எடுத்துக்கொண்டது ஓர் அலமாரியைப் பற்றி.

நம்மில் மூத்தவர் பலரும் அந்த அலமாரியை அறிவர். தலைமையாசிரியர் அறையின் மூலையில் அது நின்றது. கண்ணாடிக்குப் பின்னே நூல்களின் பெயரைப் படிக்கலாம். கையில் எடுக்க இயலாது. ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் தூசி துடைக்கப்படும். ஒருநாள் துணிந்து ஒரு நூலைக் கேட்டோம். "தொலைத்துவிட்டால் உங்கப்பன் கட்டுவானா?" என்பதே மறுமொழி. எந்தப் பள்ளி என்பது இங்கு வேண்டா.

அந்தக் கேள்வியில் சாதியின் குரல் இருந்தது. அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் அதனுள் ஓர் அச்சமும் இருந்தது என்பதைப் பின்னாளில் உணர்ந்தோம். பல பள்ளிகளில் நூலகப் பொறுப்பு, பாடமும் நடத்தும் ஓர் ஆசிரியர் தலையில் கூடுதல் சுமையாக வைக்கப்படுவது. ஆண்டு முடிவில் இருப்புச் சரிபார்க்கும்போது ஒரு நூல் குறைந்தால் பொறுப்பாளரே பதில் சொல்ல வேண்டும். நூலைக் கொடுத்தால் இழப்பு அவருக்கு. பூட்டி வைத்தால் எவரும் அவரைக் கேட்கமாட்டார். இந்நிலையில் எவர்தாம் பூட்டைத் திறப்பார்?

இந்தப் பூட்டை உடைக்க முனைந்தவர் சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ.இரா. அரங்கநாதன் ஆவார். கணித ஆசிரியராக இருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். தொடக்கத்தில் அந்த வேலை அவருக்குச் சலித்தது. வகுப்பறைக்கே திரும்ப விரும்பினார். இலண்டன் சென்று நூலகக் கலை பயின்ற பின்னரே அதன் அருமை அவருக்கு விளங்கிற்று. அதே 1924-இல்தான் பொதுச் சாலையும் கிணறும் குளமும் பொதுக் கட்டடமும் எல்லாருக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை இரட்டமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றினார். இருவரும் கலந்து பேசியவர் அல்லர். ஆயினும் ஒருவர் கிணற்றுக்குக் கேட்டதையே மற்றவர் நூலுக்குக் கேட்டார் என்று நாம் சொல்லலாம்.

1928 இறுதியில் சிதம்பரத்தில் கூடிய கல்வி மாநாட்டில் அரங்கநாதன் தம் நூலக விதிகளை விளக்கினார். கேட்டிருந்தவர்கள் பள்ளி ஆசிரியர்கள் என்பதை நம் இளைஞர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். நூல் இருப்பது எடுத்துப் படிப்பதற்கே என்பது அவ்விதிகளில் முதலாவதன் கருத்து. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்த வரலாற்றை அவர் எடுத்துக்காட்டினார். சென்னை நூலகச் சங்கம் 1929 கோடையில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிற்று. 1931-இல் பல்கலைக்கழகம் அதை ஏற்றது. 1937-இல் அது ஓராண்டுப் பட்டயப் படிப்பாயிற்று. பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கென்றே ஒரு நூலையும் 1942-இல் அரங்கநாதன் வெளியிட்டார்.

இந்தியாவில் நூலகப் பயிற்சி சென்னைக்கு முன்னரே பரோடாவில் தோன்றிற்று. மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் 1910-இல் அமெரிக்காவிலிருந்து போர்டன் என்னும் நூலகரை அழைத்துவந்தார். மறு ஆண்டே பயிற்சி வகுப்பு தொடங்கிற்று. அதே மன்னரின் உதவித்தொகையில்தான் 1913-இல் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். ஆனால் 1917-இல் அவர் பரோடாவில் பணிக்கு வந்தபோது, ஊருக்கெல்லாம் நூல் வழங்கிய அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டுப் பூங்காவில் மணிக்கணக்கில் அமர்ந்திருந்தார். நூலகம் திறந்தால் எல்லாம் திறந்துவிடும் என்று எண்ணுவோர் இதனை நினைவில் கொள்க. பின்னாளில் தாதரில் தம் நூல்களுக்கு இடம் வகுத்து அவர் எழுப்பிய இல்லமே இராசகிருகம்.

விடுதலைக்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. அது ஊர் நூலகங்களுக்கானது. பள்ளி அதன் வரம்புக்குள் வரவில்லை. 1952-53-இல் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பள்ளி நூலகம் எழுத்தரிடமோ நாட்டமில்லா ஆசிரியரிடமோ சிக்கியிருப்பதைக் கடிந்துரைத்து, பயிற்சி பெற்ற நூலகர் வேண்டும் என்று பரிந்துரைத்தது. எழுபது ஆண்டுகள் கடந்தும் நம் பிள்ளைகள் பயிலும் அரசுப் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் அந்த நூலகர் வந்து சேரவில்லை. பணம் படைத்தோர் வீட்டுப் பிள்ளைக்கு நூல் வீட்டிலேயே கிடைக்கும். நூலகர் இல்லாத குறை முதலில் தாக்குவது வீட்டில் ஒரு நூலும் இல்லாத பிள்ளையை.

நூலகர் என்பவர் சாவிக்காரர் அல்லர். எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுமிக்கும் நாவல் கேட்கும் மாணவனுக்கும் எது பொருந்தும் என அறிபவர். அரசு 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாகப் பிரித்தது இந்த அறிவினால்தான். கிழிந்த நூலைக் கழிக்கவும், எந்நூல் எவரிடம் உள்ளது எனப் பதியவும், தொலைந்ததை அச்சமின்றிக் கணக்கில் காட்டவும் பயிற்சி கற்றுத்தருகிறது. நூலக அறிவியலில் சான்றிதழ்ப் படிப்பும் பட்டப் படிப்பும் உள்ளன. நம் இளைஞர்கள் ஆசிரியர் பயிற்சியை நாடும் அளவுக்கு இவற்றை நாடுவதில்லை.

இத்தனையும் எழுதிய பின் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. நம் சங்கத்திலும் ஒரு புத்தக பீரோ உண்டு. அதன் சாவி செயற்குழு உறுப்பினர் ஒருவர் வீட்டில் இருக்கிறது. அவர் வெளியூர் சென்றால் பீரோ திறப்பதில்லை. அச்செயற்குழுவில் நாமும் இருக்கிறோம்.