பன்னிரண்டு வோல்ட் காலத்துப் பழக்கம்

சோலாரில் பயப்பட ஒன்றுமில்லை என்று நம் வயதுக்காரர்கள் பலர் நினைக்கிறோம். அதற்குக் காரணம், நாம் முதலில் பார்த்த சோலார் பரம சாது.

1954 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் சிலிக்கான் சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டியபோது, அது ஓட்டியது ஒரு பொம்மை ராட்டினத்தை. விழுந்த வெயிலில் 6 சதவீதம்தான் மின்சாரமானது. பிறகு நம் பக்கம் வந்தவை கைவிளக்கும் தெருவிளக்கும். பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி. தொட்டாலும் ஷாக் அடிக்காது. 2011-இல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்திலும் 300 சதுர அடி வீட்டுக்கு ஐந்து சோலார் விளக்குகள்தான்.

அடுத்த ஆண்டே தமிழக அரசின் சூரிய மின்சக்திக் கொள்கை வந்தது. 2016-இல் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் எழுந்தது. 2024-இல் மத்திய அரசு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்தபின், எங்கள் வில்லாபுரம் மொட்டைமாடிகளிலும் நீலத் தகடுகள் ஏறிவிட்டன.

தகடு பார்க்க அதேதான். ஆனால் ஒன்றுக்குச் சுமார் 40 வோல்ட் வீதம் ஏழெட்டைத் தொடராகக் கோத்தால் 300 வோல்ட் டி.சி. ஆளைக் கொல்லப் போதும்.

கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறிய லைன்மேனுக்கு நம் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. "கரண்டுதான் இல்லையே" என்று நாம் மாடி ஏறி வயரைத் தொட்டுவிடக் கூடாது. வெயில் இருக்கும்வரை தகட்டிலிருந்து இன்வெர்ட்டர் வரை மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். சூரியனுக்கு ஏது மெயின் சுவிட்ச்?

இன்னொன்று. ஏ.சி. நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும்; அதனால் பொறி எளிதில் அணையும். டி.சி. அப்படித் தொடாது. ஓடும்போது இணைப்பைப் பிடுங்கினால் பொறி நீண்டு எரியும், தீப்பிடிக்கவும் கூடும்.

ஆகவே எர்த்தும் டி.சி. ஐசொலேட்டர் சுவிட்சும் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆடிக் காற்றுக்குத் தாங்கும்படி சட்டத்தை இறுக்கச் சொல்லுங்கள். தூசி கழுவுவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். தகட்டின் மேல் ஏறி நிற்காதீர்கள். வயர் வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். கைவைத்தியம் 12 வோல்ட்டோடு போகட்டும்.