முதற்பயணியின் வினாக்கள்

தோற்றுவாய்

கப்பல்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றைக் கட்டியோர், உடைமையாளர், மீகாமர் ஆகியோரின் வரலாறாகவே எழுதப்பெற்று வந்துள்ளது. இத்தனை அடி நீளம், இத்தனை டன் எடை, இந்நாளில் நீரில் இறக்கப்பெற்றது என்பன போன்ற செய்திகள் நூல்களில் நிரம்பக் கிடைக்கின்றன. அக்கப்பலில் முதன்முறையாகக் கால்வைத்த ஒருவர், பெட்டியை எங்கே வைப்பது, இச்சிற்றறையில் எவ்வாறு திரும்புவது, இதற்கும் தனியே பணம் தரவேண்டுமோ என்று திகைத்த திகைப்பினை அந்நூல்கள் பொருட்படுத்துவதில்லை. வினவியோர் பலர், அவ்வினாக்கள் சிறியன என்று கருதப்பட்டமையால் அவை வரலாற்றில் இடம் பெறவில்லை.

இன்பத்திற்காக மட்டுமே கடலிற் செல்லுதல் மிகப் பிற்பட்டதோர் வழக்கம். வாணிகத்திற்கும் போருக்கும் சமயப் பணிக்கும் பிழைப்புக்குமாகக் கடல் கடந்தோர் துன்பத்தை எதிர்நோக்கியே சென்றனர். ஆதலின், அவர்கள் பட்ட இடர்களைப் பயணத்தின் இயல்பு என்றே ஏற்றுக்கொண்டனர். இன்பம் தரப்படும் என்ற உறுதிமொழியை விலை கொடுத்து வாங்கியவரிடமிருந்துதான் முறையீடு பிறக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றிய இன்பக் கடற்பயணத்தின் வரலாற்றை இம்முறையீடுகளின் வழியே நோக்குவதும், கேட்கப்பட்ட வினாக்கள் கப்பலை எவ்வாறு மாற்றின, கேட்கப்படாத வினா எத்தகைய விலையைக் கேட்டது என்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அஞ்சற் கப்பலில் ஓர் எழுத்தாளர்

1844ஆம் ஆண்டில் ஆங்கிலப் புதின ஆசிரியர் வில்லியம் மேக்பீஸ் தாக்கரே, பெனின்சுலர் அண்டு ஓரியண்டல் கப்பல் நிறுவனம் கட்டணமின்றி வழங்கிய பயணச் சீட்டில் நடுநிலக்கடலைச் சுற்றி வந்தார். லிசுபன், ஜிப்ரால்டர், மால்டா, ஏதென்சு, கான்சுடாண்டிநோபிள், யாப்பா, அலெக்சாந்திரியா எனச் சென்ற அப்பயணத்தைக் குறித்து அவர் எழுதிய நூல் 1846இல் வெளிவந்தது. எழுத்தாளரை இலவசமாக ஏற்றிச்சென்று, அவர் எழுத்தின் வழியே பிறரை அழைக்கும் வணிக உத்தி அன்றே தோன்றிவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

எனினும் அவர் சென்றவை அஞ்சல் சுமக்கும் கப்பல்கள். எந்தத் துறையில் எத்தனை மணி நேரம் நிற்பது என்பதை அஞ்சற் பையே முடிவு செய்தது. பயணி உடன்செல்லும் சரக்கு போன்றவரே. பயணியின் இன்பம் ஒன்றையே கருதி ஒரு கப்பல் முழுவதும் கடல் கடந்து புறப்பட மேலும் இருபத்து மூன்று ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது.

குவேக்கர் சிட்டியும் துண்டறிக்கையும்

1867இல் அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரிலிருந்து புறப்பட்ட 'குவேக்கர் சிட்டி' என்னும் நீராவிக் கப்பலே அத்தகைய பெரும் முயற்சிகளுள் முதன்மையாக எண்ணத்தக்கது. துடுப்புச் சக்கரங்களால் இயங்கிய இக்கப்பல் உள்நாட்டுப் போரில் வடபுலக் கடற்படையில் பணியாற்றியது. ஐரோப்பாவையும் பாலத்தீனத்தையும் எகிப்தையும் காட்டித் திரும்புவதாகக் கூறிய அப்பயணத்தின் துண்டறிக்கை, இன்றைய பயண விளம்பரங்கள் அனைத்திற்கும் மூதாதை எனலாம். நூலகம் உண்டு, இசைக்கருவிகள் உண்டு, தேர்ந்த மருத்துவர் உண்டு, நூற்றைம்பது பேருக்கு இடமிருந்தும் நெருக்கடியின்றிச் சிலரையே தேர்ந்து ஏற்றுவோம் என்று அது உறுதி கூறியது. கட்டணம் 1,250 டாலர். கரையில் இறங்கிச் செலவிட நாளொன்றுக்கு ஐந்து டாலர் பொன்னாகப் போதும் என்றும் கணக்குக் காட்டியது. தாள்பணம் பொன்னைவிட மதிப்பில் தாழ்ந்திருந்த அக்காலத்தில், கட்டணம் தாளிலும் கைச்செலவு பொன்னிலும் சொல்லப்பட்டதன் பொருளை முதற்பயணி கூர்ந்து நோக்கியே அறிய வேண்டியிருந்தது. கட்டணத்தில் அடங்குவது எது, அடங்காதது எது என்னும் வினா இவ்வாறு பயணத்தின் முதல் தாளிலேயே தொடங்கிவிட்டது.

சான் பிரான்சிசுகோ இதழொன்று கட்டணம் செலுத்த, மடல்கள் எழுதி அனுப்பும் பொறுப்புடன் அதில் ஏறியவர் முப்பத்தொரு வயதினரான மார்க் ட்வெயின். 1869இல் அவர் வெளியிட்ட 'தி இன்னசண்ட்ஸ் அப்ராடு' என்னும் நூல், நகைச்சுவை இலக்கியமாகவே பெரிதும் போற்றப்படுகின்றது. முதன்முறை இன்பப் பயணம் செய்வோரின் ஏமாற்றங்களைத் தொகுத்த ஆவணமாகவும் அதனைப் படிக்க இயலும். உடன் சென்ற மேரி மேசன் ஃபேர்பேங்க்ஸ் என்னும் பெண்மணி கிளீவ்லாந்து நகர இதழுக்கு எழுதிய மடல்களும் அப்பயணத்தின் மற்றொரு சான்றாக விளங்குகின்றன.

ஏமாற்றங்கள் புறப்படும் முன்னரே தொடங்கின. புகழ்பெற்ற சமயப் பேச்சாளர் என்றி வார்டு பீச்சரும் படைத்தலைவர் செர்மனும் உடன் வருவர் என்று பேசப்பட்டது, இருவருமே வரவில்லை. நூற்றைம்பது பேருக்கான கப்பலில் ஏறத்தாழப் பாதியளவினரே ஏறினர். சூன் 8ஆம் நாள் கொட்டும் மழையில் துறையை விட்டு நகர்ந்த கப்பல், வெளியே கடல் கொந்தளித்தமையால் துறைமுக எல்லையிலேயே நங்கூரமிட்டு இரண்டு இரவுகள் கிடந்தது. உலகைக் காணப் புறப்பட்டோர் புறப்பட்ட ஊரையே பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது.

அறையும் ஆணையும் நேரமும்

எவற்றை எடுத்துச்செல்வது என்பது இன்றும் முதற்பயணியின் முதல் வினாவாகும். குவேக்கர் சிட்டியின் இணைப்பு அறிக்கை இதற்கு விடையளிக்க முயன்றது. சிரியாவிற் பயணம் செய்யச் சேணம், வெயிலுக்குக் குடையும் பச்சைக் கண்ணாடியும், எகிப்துக்கு முகத்திரை, கப்பலில் பொழுதுபோக்க எளிய இசைக்கருவி, வழிகாட்டி நூல்கள், விவிலியம் ஆகியன அப்பட்டியலில் இடம்பெற்றன. இத்தனையையும் சுமந்து வந்தவர் கண்ட அறையோ, இரண்டு படுக்கைகளும் ஒரு கழுவு தொட்டியும் மெத்தையிட்ட நீண்ட பெட்டியொன்றும் அடைத்துக்கொள்ள, உடலைத் திருப்ப மட்டுமே இடமிருந்த சிற்றறையாக இருந்தது.

அடுத்தது ஆணைகளின் தொல்லை. எங்கே நிற்கலாம், எங்கே புகைபிடிக்கலாம், எந்தக் கருவியைத் தொடலாம் என்பன பழகியோருக்கு வெளிப்படை; புதியவருக்கோ ஒவ்வொன்றும் கண்டிப்பு வாங்கிய பின்னரே விளங்கிற்று. கட்டணம் செலுத்தியவர் தம்மை விருந்தினர் என்று எண்ணினார். கப்பலோ அவரைக் கடல் ஒழுங்கிற்கு உட்பட்ட ஓர் உறுப்பினர் என்று கருதியது. இவ்விரு எண்ணங்களின் மோதலே கப்பற்பயண மனக்குறைகள் பலவற்றுக்கும் வேர் எனலாம்.

நேரம் குறித்த குழப்பம் தனிச் சிறப்புடையது. ட்வெயின் தம் நூலில் புளூச்சர் என்று பெயரிட்டு அழைக்கும் இளைஞர், முதன்முறையாகக் கடற்பயணம் செய்தவர். ஊரில் பிழையின்றி ஓடிய அவருடைய விலையுயர்ந்த கடிகாரம் கப்பலில் நாள்தோறும் சில நிமிடங்கள் பின்தங்கியது. கடிகாரம் பழுதுற்றது என்றே அவர் வருந்தினார். கிழக்கு நோக்கிச் செல்லச் செல்ல நண்பகல் முந்தி வருவதும், அதற்கேற்பக் கப்பலின் மணி மாற்றப்படுவதும் பின்னரே அவருக்கு விளக்கப்பட்டன. உலக நேரத்திற்கு ஒரு முதன்மை நடுக்கோட்டை வரையறுத்த வாசிங்டன் மாநாடு 1884இல்தான் கூடியது என்பதை நினைவிற் கொண்டால், அவர் திகைப்பு நகைப்பிற்குரியதன்று என்பது புலனாகும்.

அதே இளைஞர் அசோர்சுத் தீவில் நண்பர்களுக்கு விருந்தளித்தார். விருந்து முடிவில் 21,700 ரெய்சு என்று கணக்கு வந்ததும் தாம் அழிந்தோம் என்றே நடுங்கினார். பத்து உணவுக்கு 6,000, சுருட்டுக்கு 2,500, திராட்சை மதுவுக்கு 13,200 என்று எண்கள் அச்சுறுத்தின. ஆயிரம் ரெய்சு ஒரு டாலருக்கு நிகர் என்று தெரிந்தபோது அப்பெருந்தொகை 21 டாலர் 70 செண்டாகச் சுருங்கியது. அயல்நாட்டு நாணயத்தின் முன் நிற்கும் முதற்பயணியின் அச்சத்திற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

மூடிய துறைமுகம்

இவை சிறு தொல்லைகள். மூடப்பட்ட துறைமுகமோ ஆறாத மனக்குறை தந்தது. பயணியர் அனைவரும் ஒருமித்து வாக்களித்தால் வழியை மாற்றலாம் என்று துண்டறிக்கை உரிமை வழங்கியிருந்தது. கொள்ளை நோய் அச்சம் பரவிய அவ்வாண்டில் அவ்வுரிமைக்குப் பயனில்லாது போயிற்று. ஏதென்சு நகரின் துறையாகிய பிரேயசில், பதினொரு நாள் கரையேறாது விலகியிருக்க வேண்டும், இன்றேல் வெளியேற வேண்டும் என்று அதிகாரிகள் ஆணையிட்டனர். அக்ரோபோலிசு கண்ணுக்கெட்டும் தொலைவிற் குன்றின்மேல் நிற்க, அதனைக் காணவே வந்தோர் கப்பல் தட்டில் நின்று ஏங்கினர். ட்வெயினும் வேறு மூவரும் இரவில் திருட்டுத்தனமாகக் கரையேறி, நிலவொளியில் அதனைக் கண்டு விடியுமுன் மீண்டனர். பெரும்பாலோருக்கு அப்பேறும் வாய்க்கவில்லை. துண்டறிக்கையில் அச்சிட்ட ஊரின் பெயர் வாக்குறுதியன்று, வாய்ப்பு மட்டுமே என்னும் பாடத்தை இன்பப் பயணிகள் அன்று கற்றனர்.

நவம்பர் 19ஆம் நாள் கப்பல் நியூயார்க் திரும்பியது. மறுநாளே இதழில் வெளிவந்த ட்வெயினின் கட்டுரை, இன்பப் பயணம் என்ற பெயரையே எள்ளி நகையாடியது. உடன் சென்றோர் சிலரின் சினத்தையும் அது பெற்றுத் தந்தது.

கப்பல் அளித்த விடை

இம்முறையீடுகளுக்கு வணிகம் செவிசாய்த்த வரலாறு செருமனி நாட்டில் தொடர்கின்றது. குளிர்காலத்தில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடப்போர் குறைந்தமையால் ஆம்பர்க்–அமெரிக்கக் கப்பல் நிறுவனத்தின் பெருங்கலங்கள் போதிய வருவாயின்றி இருந்தன. அந்நிறுவனத்தின் ஆல்பர்ட் பாலின், அவற்றுள் ஒன்றாகிய 'ஆகுசுடா விக்டோரியா'வை 1891 சனவரி 22இல் 241 பயணியருடன் நடுநிலக்கடலுக்கு அனுப்பினார். தாமும் துணைவியாருடன் ஏறினார். ஏறத்தாழ இரண்டு மாதம் நீடித்த இப்பயணத்தில் கரைச்சுற்றுலாக்கள் முன்னரே ஒழுங்கு செய்யப்பட்டிருந்தன. உடைமையாளர் தரப்பினர் பயணியரோடு ஒரே மேசையில் உண்டு, அவர்தம் குறைகளை நேரிற் காணும் வாய்ப்பினைப் பெற்றது இங்குக் கருதத்தக்கது.

வட அட்லாண்டிக்கின் குளிருக்கும் அலைக்கும் ஏற்பக் கட்டப்பட்டு, பல வகுப்பினரைப் பிரித்து ஏற்றிய கப்பல் இன்பப் பயணத்திற்குப் பொருந்தாது என்னும் உண்மை மெல்லத் தெளிவாயிற்று. அதன் விளைவாக 1900இல் நீரில் இறக்கப்பெற்ற 'பிரின்செசின் விக்டோரியா லூயிசே', இன்பப் பயணத்திற்கென்றே கட்டப்பட்ட முதற்கப்பல் என்று போற்றப்படுகின்றது. அதில் முதல் வகுப்பு மட்டுமே இருந்தது, அறைகள் 120. நூலகமும் உடற்பயிற்சிக் கூடமும் இருந்தன. பயணியர் தாம் எடுத்த படங்களைக் கழுவ இருட்டறையும் அமைக்கப்பட்டது. ஒரு தலைமுறைக்கு முன் அறையில் இடம் போதவில்லை என்று எழுந்த குறைக்கு, ஒரு கப்பலே விடையாகக் கட்டப்பட்டது எனலாம்.

கடல் மயக்கத்திற்கு விடை கிடைக்க மேலும் காலமாயிற்று. 1948இல் அமெரிக்கப் படைக்கப்பல் ஒன்றில் நடத்தப்பெற்று, 1949இல் வெளியான ஆய்வு, டிரமமின் என்னும் மருந்தின் பயனை நிறுவியது. 1958இல் செட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கவே, ஊர் சேர்வதற்காகக் கப்பலேறுவோர் அருகினர். ஊர் சேரும் தேவையின்றி, கப்பலில் இருத்தலையே நோக்கமாகக் கொண்டோர் எஞ்சினர்; கப்பற்றொழிலும் அவர்களை நாடியே நின்றது.

கேட்கப்படாத வினா

அறை, உணவு, பணம், நேரம், கடல் மயக்கம் என்று புதிய பயணி கேட்ட வினாக்களுக்கெல்லாம் கப்பல் விடை தேடிற்று. அவர் பெரும்பாலும் கேட்காத வினா ஒன்றும் உண்டு. கப்பல் மூழ்கினால் எப்படகில் ஏறுவது என்பதே அது. சொகுசு மிகுந்த இடத்தில் இவ்வினா எழுவதில்லை. எழுப்பினால் இன்பம் குன்றும் என்றே இரு தரப்பினரும் கருதினர்.

பிரின்செசின் விக்டோரியா லூயிசே 1906 டிசம்பர் 16ஆம் நாள் சமைக்காத் தீவருகே பாறையில் மோதி அழிந்தது. கலங்கரை விளக்கம் தவறாக அடையாளம் காணப்பட்டமையே காரணம். பயணியர் அனைவரும் உயிர் தப்பினர். கப்பல் தலைவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1912 ஏப்ரலில் மூழ்கிய டைட்டானிக், ஊர் சேர்க்கும் கப்பலேயாயினும் சொகுசின் உச்சமாகப் பேசப்பட்டது. ஏறத்தாழ 2,200 பேர் இருந்த அக்கப்பலின் உயிர்காப்புப் படகுகளில் 1,178 பேருக்கே இடமிருந்தது. அந்த இடமும் நிரம்பவில்லை. முதலில் இறக்கப்பட்ட படகு 65 பேருக்குரியது. அதில் முப்பதுக்கும் குறைவானோரே சென்றனர். வெதுவெதுப்பான, விளக்கொளி மிகுந்த கப்பலை விட்டுச் சிறு படகில் இறங்கப் பலர் மனம் ஒப்பவில்லை. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கடலில் உயிர்காப்புக் குறித்த பன்னாட்டு உடன்பாடு 1914இல் இலண்டனில் கையெழுத்தாயிற்று.

நூறாண்டுகள் கழிந்த பின்னரும் அவ்வினா முற்றும் எழவில்லை. 2012 சனவரி 13ஆம் நாள் இத்தாலியின் சிலியோ தீவருகே 'கோசுடா கன்கார்டியா' என்னும் சொகுசுக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. நாலாயிரத்திற்கு மேற்பட்டோர் இருந்த அக்கப்பலில் 32 பேர் இறந்தனர். அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு உயிர்காப்பு ஒத்திகை நடைபெற்றிருக்கவில்லை. ஏறிய இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் நடத்தினால் போதும் என்பதே அந்நாளைய விதி. புறப்படுமுன்னரோ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடத்த வேண்டும் என்னும் திருத்தம் 2015 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. முதற்பயணியர் பலர் தம் விடுமுறையின் முதல் மணி நேரத்தைக் கெடுக்கும் தொல்லை என்று அலுத்துக்கொள்ளும் அவ்வொத்திகையின் பின்னே, அம்முப்பத்திருவரின் இறப்பு நிற்கின்றது.

நிறைவுரை

சோப்பு வைக்கப்படவில்லை, கடிகாரம் பொருந்தவில்லை, கணக்கு விளங்கவில்லை என்னும் புலம்பல்கள் அற்பமானவை என்று ஒதுக்கத்தக்கன அல்ல. அவற்றைக் கேட்டதனாலேயே கப்பலின் அறை விரிந்தது, வகுப்பு வேலி நீங்கியது, கரைப்பயணம் ஒழுங்குற்றது. நகைப்பிற்கு அஞ்சாது கேட்கும் புதியவரே பழகியோர் காணாததைக் காண்கின்றார். அவருடைய மடலும் நாட்குறிப்பும் கப்பற் பதிவேடு கூறாததைக் கூறுவதால், இலக்கியம் வரலாற்றுக்குச் சான்றாகும் இடம் இதுவேயாகிறது. அதே வேளையில், வசதி குறித்து ஆயிரம் வினாக்கள் எழுந்த கூடங்களில் உயிர் குறித்த ஒரு வினா எழாது போயிற்று என்பதும் அவ்வரலாறு கூறும் உண்மையாகும். கப்பலேறும் புதியவர் தம் அறை எண்ணைக் கேட்கும்போதே தம் படகின் எண்ணையும் கேட்டல் வேண்டும்.