மானிப்பாயில் தொடங்கின பாடம்

இரணைமடுப் பக்கத்துப் பழைய ஆக்களோட கதைச்சால், காடு வெட்டிக் குடியேறின கதைக்குள்ள மலேரியாக் காய்ச்சலும் கட்டாயம் வரும். குளத்துக்குத் தண்ணி கொண்டுவாறது கனகராயன் ஆறு. இலங்கையில் மலேரியாவைப் பரப்பின முக்கியமான நுளம்பு, ஆறு வத்தேக்க மணலில் தேங்கி நிக்கிற தெளிஞ்ச தண்ணியில பெருகிறது. சோறு தந்த ஆற்றங்கரையிலேயே காய்ச்சலும் இருந்தது.

1963இல் முழு இலங்கையிலும் 17 பேருக்குத்தான் மலேரியா. வெண்டுவிட்டம் எண்டு கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். 1969இல் எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. பிறகு போர்க்காலத்தில் வன்னியை அது திரும்பவும் வாட்டியது. உள்நாட்டில் தொற்றின கடைசி நோயாளி 2012இல் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இதுக்குப் பின்னால மருந்து மட்டும் இல்லை. இரத்தத் துளியை நுணுக்குக்காட்டியில் பார்க்கவும், நுளம்பைப் பிடிச்சு இனம் பிரிக்கவும், வீடு வீடாய்ப் போய்க் காய்ச்சலை விசாரிக்கவும் பழகின ஆக்கள் இருந்தார்கள்.

அப்படியான ஆக்களை உருவாக்கிறது எங்கட மண்ணுக்குப் புதிசில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த வருசமே மாணவர்களுக்கு மேலைத்தேய வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். பின்னர் மானிப்பாய்தான் அவருடைய களம். முதலில் ஆங்கிலத்தில் படிப்பித்தார். அப்படிப் படிச்சவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போவார்கள், கிராமத்தில் நிக்கமாட்டார்கள் எண்டு கண்டார். 1860களில் தமிழுக்கு மாறினார். உடற்கூறு, சத்திரசிகிச்சை, பிரசவம், இரசாயனம் எண்டு நூல்கள் தமிழாகின. 1873இல் அவர் திரும்பிப் போகேக்க 60க்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவரிட்டப் படிச்சு முடிச்சிருந்தார்கள்.

இண்டைக்கு ஆய்வுகூடத்தில் கண்டதை நோயாளியின் கட்டில் வரை கொண்டுபோற ஆராய்ச்சியை ஆங்கிலத்தில் ‘ட்ரான்ஸ்லேஷனல்’ எண்டு சொல்லுகினம். கிறீன் அதை நேரடி அர்த்தத்திலேயே செய்தார்.

கண்டுபிடிப்பு எதிர்த்திசையிலும் நடக்கும். டெங்கு நுளம்பு நல்ல தண்ணியிலதான் முட்டையிடும் எண்டு நாங்கள் படிச்சிருக்கிறம். யாழ். பல்கலைக்கழகத்தின் சுரேந்திரனும், அவரோட ரஞ்சன் ராமசாமியும் சேர்ந்த குழு, எங்கட கரையோரத்து உவர்நீரிலும் அது வளருதெண்டு 2011இல் எழுதியது. கிணத்தையும் தொட்டியையும் மட்டும் பார்த்தால் போதாது எண்டது அதால தெரிஞ்சது. ஊரைத் தெரிஞ்ச ஆக்கள் கேட்ட கேள்வி அது.

இரணைமடுவுக்குப் பக்கத்தில், அறிவியல்நகரில், அதே பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இருக்கு. தண்ணி படிக்கிற பிள்ளையும் இயந்திரம் படிக்கிற பிள்ளையும் அங்க இருக்கினம். மருத்துவ பீடம் யாழ்ப்பாணத்தில். இவையள் ஒண்டாய்க் கிளிநொச்சி ஆஸ்பத்திரி வாட்டில் நிண்டு பாம்புக்கடியையும் காய்ச்சலையும் படிக்கிற பயிற்சியைத்தான் நாங்கள் கேக்கிறம். ஆய்வுக்குச் சம்மதம் கேக்கிற தாளை வாசிச்ச வயல்கார அம்மா, “எனக்கு விளங்கேல்லை, வேண்டாம்” எண்டு சொல்லக்கூடிய தமிழில் அதை எழுதவும் அந்தப் பயிற்சி பழக்கவேணும்.

நோயாளி இல்லாத நாட்டில் நுளம்பைப் பார்க்கப் பழகின கண்கள் ஓய்வு பெறும். புதுக் கண்கள் பழகாட்டி, 1969 பழைய கதையாய் மட்டும் இருக்காது.