மோட்டார் வண்டியின் வரலாறும் பழுதுபார்க்கும் உரிமையும்

நமது சங்கத்து அன்பர்களுள் மோட்டார் வண்டியோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத குடும்பத்தைக் காண்டல் இக்காலத்தில் அரிது. சொந்த வண்டியுடையார் பலர். வாடகை வண்டி நடத்துவோரும், உதிரிபாகக் கடையும் பட்டறையும் வைத்துப் பிழைப்போரும் சிலர். அங்ஙனமிருந்தும் அவ்வண்டியின் வரலாற்றை ஆராய்ந்தறிந்தோர் நம்முள் மிகச் சிலரே. இளமை தொட்டு மோட்டார் வண்டியின்பால் தீராத விருப்பமுடையேம் ஆதலின், யாம் அறிந்தவற்றையும் எமது அபிப்பிராயத்தையும் ஈண்டு எழுதத் துணிந்தேம்.

ஜெர்மனி தேசத்து மான்ஹைம் நகரில் கார்ல் பென்ஸ் என்பார் மூன்று சக்கரமுடைய வண்டியொன்றைச் செய்து, 1886-ம் வருஷம் ஜனவரி மாதம் 29-ம் நாள் அதற்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். ஜனங்கள் அதனை வேடிக்கையாகப் பார்த்தனரேயன்றி வாங்க முன்வந்திலர். 1888-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அவர்தம் மனைவியார் பெர்த்தா அம்மையார், கணவர்க்கு அறிவியாமலே, புதல்வர் இருவரையும் உடன்கொண்டு, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தம் தாய்வீட்டிற்கு அவ்வண்டியிற் புறப்பட்டனர். வழியில் எண்ணெய் தீர்ந்தபோது வீஸ்லோக் என்னும் ஊரில் மருந்துக் கடையொன்றில் அதனை வாங்கினர். எண்ணெய்க் குழாய் அடைபட்டபோது தம் தொப்பியின் ஊசியால் அதனைத் திறந்தனர். தடைக்கட்டை தேய்ந்தபோது சக்கிலியத் தொழிலாளரைத் தேடித் தோல் பொருத்துவித்தனர் என்ப. உலகில் முதன்முதல் நெடும்பிரயாணம் செய்த மோட்டார் வண்டியைப் பழுதுபார்த்தவரும் அதனை ஓட்டிச் சென்ற ஒரு பெண்மணியே என்பதை நம் சகோதரிகள் மறவாதிருப்பாராக.

பின்னர் அமெரிக்க தேசத்தில் ஹென்றி போர்டு என்பார் 1908-ம் வருஷத்தில் 'மாடல் டி' என்னும் வண்டியை வெளியிட்டார். அதன் விலை தொடக்கத்தில் 850 டாலர். 1913-ல் தமது ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில், தொழிலாளி வண்டியை நாடிச் செல்லாது வண்டியே தொழிலாளியை நாடி வரும்படி நகரும் வரிசையை அமைத்தார். 12 மணி நேரத்திற்கு மேற்பட்ட அடிச்சட்ட வேலை ஏறத்தாழ ஒன்றரை மணியில் முடிந்தது. விலையும் நாளடைவில் 300 டாலருக்குக் கீழ் இறங்கியது. 1927-ல் அவ்வண்டி நிறுத்தப்படுமுன் ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்தன. அவற்றை வாங்கிய குடியானவர் தாமே கழற்றித் தாமே மாட்டினர். பின்சக்கரத்தை உயர்த்தி வார்ப்பட்டை பூட்டி மரம் அறுக்கவும் நீர் இறைக்கவும் பயன்படுத்தினர்.

இஃதிவ்வாறாக, ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தலைவர் ஆல்பிரட் ஸ்லோன் என்பார் 1920-களில் வேறொரு வழி கண்டனர். அதாவது, ஆண்டுதோறும் வண்டியின் தோற்றத்தை மாற்றி, சென்ற ஆண்டின் வண்டியை உடையவர் அதனைப் பழையதென்று வெறுக்கும்படி செய்தல். வண்டி கெடுமுன்னரே மனம் கெடும் இவ்வழக்கம் இன்றளவும் ஒழிந்தபாடில்லை.

நம் தேசத்தில் 1942-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸும், 1944-ல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸும் தோன்றின. 1948-ல் சென்னையை அடுத்த எண்ணூரில் தொழில் செய்த அசோக் மோட்டார்ஸ் தோன்றிற்று. 1957-ல் வெளிவந்த அம்பாஸிடர் வண்டி 2014 வரை நிலைத்தது. நெடுஞ்சாலையில் எவ்வூரில் நின்றுபோயினும் அதனைச் செப்பனிடும் கைகள் அவ்வூரிலே இருந்தன. ஆயினும் அக்காலத்தை வாயாரப் புகழ்வோர் ஒன்றை மறக்கின்றனர். பணம் கட்டிவிட்டு வண்டிக்காக வருஷக்கணக்கிற் காத்திருந்தோர் பலர். போட்டியின்மையால் குறை கூறியும் பயனில்லை. 1983-ல் மாருதி 800 வந்த பின்னரே அந்நிலை தளர்ந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வெளிவந்தது. அதுமுதல் நம் நாட்டு இளைஞர்க்கும் இத்தொழிலில் இடம் விரிந்தது.

இக்காலத்து வண்டிகளின் நன்மையையும் மறைத்தல் நேர்மையாகாது. 1959-ல் வால்வோ கம்பெனியின் நில்ஸ் போலின் என்பார் அமைத்த மும்முனை இருக்கைவார், அக்கம்பெனியார் பிறர்க்கும் அதனை வழங்கியமையால், எண்ணிறந்த உயிர்களைக் காத்தது. 2014-ல் நம் நாட்டில் விற்கப்பட்ட ஐந்து சிறு கார்களை மோதவிட்டுச் சோதித்தபோது ஐந்தும் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை; 2018-லோ டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்றது. 2019 ஜூலை முதல் ஓட்டுநர்க்குக் காற்றுப்பை கட்டாயமாயிற்று. பழைய வண்டியின் கனத்த தகடே காவலென்று எண்ணுதல் பேதைமை. தகடு நசுங்கி அதிர்ச்சியைத் தான் ஏற்றால் அன்றோ உள்ளிருப்போர் பிழைப்பர்?

பின் எமது குறைதான் யாதெனின், கூறுவோம். சென்ற ஆண்டில் எமது காரின் முன்விளக்கொன்று எரியாதொழிந்தது. எம் ஊர்ப் பட்டறைக்காரர் முப்பதாண்டு அனுபவமுடையவர். அவர் அதனை நோக்கி, "ஐயா, இதனுள் கை நுழைக்க வழியில்லை, முழு விளக்கையும் மாற்றிக் கம்பெனிக் கணிப்பொறியில் பதியவேண்டும், அது என்னிடம் இல்லை" என்றார். அவர் முகத்திற் கண்ட வாட்டம் செலவினும் எம்மை வருத்தியது. அறிவு குறைந்தமையால் அவர் தோற்றாரல்லர். கருவி மறுக்கப்பட்டமையால் தோற்றனர்.

இஃது எம் ஒருவர் குறையன்று. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகட்குக் கிட்டாதபடி தடுத்தனர் என்று, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டு மாதத்தில் 14 கார்க் கம்பெனிகட்கு மொத்தம் ரூ. 2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீடு செய்தன. அமெரிக்காவின் மாஸசூசெட்ஸ் மாகாணத்தார் 2012-லேயே வாக்களித்துப் பழுதுபார்க்கும் உரிமையை நிலைநாட்டினர். நம் மத்திய அரசாங்கமும் 2022-ல் இவ்வுரிமைக்கென இணையவாயில் ஒன்றைத் திறந்தது.

ஆதலின் அன்பர்களே, வண்டி வாங்கச் செல்லுங்கால் நிறத்தையும் திரையின் அகலத்தையும் மட்டும் வினவாது, மோதற்சோதனையில் அது பெற்ற நட்சத்திரம் எத்துணை, உதிரிபாகம் வெளியிற் கிடைக்குமா என்பனவற்றையும் வினவுவீர்களாக. பட்டறை வைத்திருப்போர் தம் மக்களுக்குத் திருப்புளியோடு கணிப்பொறியையும் பழக்குவாராக. தொப்பியூசியால் வண்டியைச் செலுத்திய அம்மையார்க்கு வாய்த்த உரிமை நம் பட்டறைக்காரர்க்கும் உண்டு. விலை கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கவும் இயலாதெனின், அதனை நமது உடைமை என்பது எங்ஙனம் பொருந்தும்?