ஆஸ்பிரின் யாருடையது?

ஜெர்மனியில் படிக்கும்போது வகுப்போடு வூப்பர்டால் நகரிலுள்ள பேயர் மருந்துத் தொழிற்சாலையைப் பார்க்கப் போனோம். ஆஸ்பிரின் பிறந்த ஊர் இது. 1897 ஆகஸ்டில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் அதைத் தூய வடிவில் தயாரித்தார். 1899இல் ஆஸ்பிரின் என்ற பெயர் பதிவானது. பொதுவாகச் சொல்லப்படும் கதை இவ்வளவுதான்.

ஆனால் அங்கே ஆர்தர் ஐஷன்குரூன் என்ற யூத வேதியியலாளரும் வேலை பார்த்தார். ஹாஃப்மனுக்கு மட்டும் பெருமை சேர்க்கும் கதை 1934இல், ஹிட்லர் ஆட்சியில், அச்சில் வந்தது. ஒரு யூதர் அதை மறுத்துப் பேசக்கூடிய காலமா அது? 1944இல் அவரைத் தெரேசியன்ஸ்டாட் முகாமில் அடைத்தார்கள். உயிர் பிழைத்தவர், தன் யோசனைப்படிதான் ஹாஃப்மன் மருந்தைத் தயாரித்தார் என்று 1949இல் எழுதினார். அதே ஆண்டு இறந்தும் போனார்.

வால்டர் ஸ்னீடர் என்ற ஆய்வாளர் 2000இல் அவர் பக்கம் நின்றார். பேயர் நிறுவனம் ஏற்கவில்லை. ஒரு கண்டுபிடிப்பின் வரலாற்றைப் படிக்கும்போது, அது எழுதப்பட்ட ஆண்டையும் பார்க்க வேண்டும் நண்பர்களே!