நுண்சேவைக் கட்டமைப்பின் தோற்றமும் பரவலும்: ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பெருநிறுவன மென்பொருள்கள் ஒற்றைக்கல் கட்டமைப்பிலிருந்து சேவைசார் கட்டமைப்புக்கும், பின்னர் நுண்சேவைக் கட்டமைப்புக்கும் மாறியமை பெரும்பாலும் தொழில்நுட்ப வளர்ச்சியாகவே விளக்கப்படுகிறது. அம்மாற்றத்தின் வெற்றியைத் தீர்மானித்த முதன்மைக் காரணி பணிக்குழுக்களின் அமைப்பே என்பதை அமேசான், நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனங்கள் பற்றிய சான்றுகளின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நுண்சேவை, சேவைசார் கட்டமைப்பு, ஒற்றைக்கல் கட்டமைப்பு, கான்வே விதி, மென்பொருள் வரலாறு.

முன்னுரை

மென்பொருளின் எல்லாப் பணிகளும் ஒரே நிரல்தொகுப்பாக எழுதப்பட்டு, ஒன்றாகவே நிறுவப்படுவது ஒற்றைக்கல் கட்டமைப்பாகும். அப்பணிகளைத் தனித்தனியே இயங்கும் சிறு சேவைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தன் தரவைத் தானே காத்து, வலையமைப்பு வழியாக மட்டுமே பிறவற்றோடு தொடர்புகொள்ளுமாறு அமைப்பது நுண்சேவைக் கட்டமைப்பாகும். 2014 மார்ச்சில் ஜேம்ஸ் லூயிஸ், மார்ட்டின் ஃபவுலர் இருவரும் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னர் இப்பெயர் பரவலாயிற்று. எனினும் இதன் கருத்துகளுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரலாறு உண்டு.

கருத்தியல் வேர்கள்

ஒரு நிறுவனம் வடிவமைக்கும் அமைப்பு அந்நிறுவனத்தின் தகவல்தொடர்பு அமைப்பையே ஒத்திருக்கும் என்று 1968இல் மெல்வின் கான்வே 'டேட்டாமேஷன்' இதழில் எழுதினார். மாறக்கூடிய வடிவமைப்பு முடிவு ஒவ்வொன்றையும் ஒரு கூறினுள் மறைத்துவைக்குமாறு நிரலைப் பிரிக்க வேண்டும் என 1972இல் டேவிட் பர்னாஸ் வாதிட்டார். முன்னது நிறுவனத்தையும் பின்னது நிரலையும் நோக்கியவை. பிற்கால வரலாறு இவ்விரண்டும் இணைந்த கதையே எனலாம்.

சேவைசார் கட்டமைப்பும் அதன் வரம்பும்

சேவைசார் கட்டமைப்பு என்னும் கருத்தை 1996இல் கார்ட்னர் நிறுவன ஆய்வறிக்கைகள் முன்வைத்தன. 'சோப்' நெறிமுறையின் 1.2ஆம் பதிப்பு 2003இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. நடைமுறையில் பல நிறுவனங்கள் சேவைகளை ஒரு மையப் பாட்டையின் வழியே இணைத்தன. அப்பாட்டையைப் பேணிய மையக் குழுவின் ஒத்துழைப்பின்றி மாற்றங்கள் செய்வது கடினமாயிற்று. நிரல் பிரிந்தது, அதிகாரம் பிரியவில்லை.

அமேசான்: சான்றுகளின் மதிப்பீடு

எல்லாக் குழுக்களும் தம் தரவைச் சேவை இடைமுகங்கள் வழியாக மட்டுமே பகிர வேண்டும் என ஜெஃப் பெசோஸ் 2002 அளவில் ஆணையிட்டதாகப் பலரும் எழுதுகின்றனர். இச்செய்தி பரவியது, அந்நிறுவனத்தின் முன்னாள் பொறியாளர் ஸ்டீவ் யெகி 2011இல் எழுதிய பதிவின் மூலமாகும். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் நினைவிலிருந்து எழுதப்பட்டதாதலால், ஆணையின் சொற்களுக்கும் ஆண்டுக்கும் அதனை மட்டும் சான்றாகக் கொள்ள இயலாது.

ஆயின் 2006இல் 'ஏசிஎம் கியூ' இதழுக்கு வெர்னர் வோகல்ஸ் அளித்த நேர்காணல் காலத்தால் முந்தியது. 2001 அளவில் ஒற்றைக்கல் அமைப்பு மேலும் விரிவடைய இயலாத நிலையை அடைந்ததையும், பகிரப்பட்ட தரவுத்தளங்கள் தடையானதையும், சேவையை உருவாக்கிய குழுவே அதை இயக்கும் பொறுப்பையும் ஏற்றதையும் அவர் விளக்குகிறார். ஆகவே யெகியின் கூற்று விவரங்களில் ஐயத்துக்குரியதாயினும் சாரத்தில் வலுப்பெறுகிறது.

நெட்ஃப்ளிக்ஸ்: நீண்ட மாற்றம்

2008 ஆகஸ்டில் தரவுத்தளம் சிதைந்ததால் மூன்று நாட்கள் டிவிடி வட்டுகளை அனுப்ப இயலாமற்போனதே மாற்றத்தின் உடனடிக் காரணம் என்று அந்நிறுவனம் பதிவுசெய்துள்ளது. இங்குத் தூண்டுதல் தொழில்நுட்பம் சார்ந்தது என்பதை மறுக்க இயலாது. எனினும் மேகக்கணிமைக்கு முழுமையாக மாறியது 2016 ஜனவரியில்தான். பழைய அமைப்பை அப்படியே இடம்பெயர்க்காமல் நூற்றுக்கணக்கான சேவைகளாக மாற்றியமைத்ததும், மைய ஒருங்கிணைப்பைக் கைவிட்டுக் குழுக்கள் தாமே முடிவெடுக்கச் செய்ததும் இக்கால நீட்சியை ஓரளவு விளக்குகின்றன.

எதிர்நிலைச் சான்று

2023இல் அமேசானின் பிரைம் வீடியோ பிரிவு, ஒளி, ஒலித் தரத்தைக் கண்காணிக்கும் தன் கருவியைப் பல கூறுகளிலிருந்து ஒரே செயல்முறையாக இணைத்து, அதன் உள்கட்டமைப்புச் செலவை 90 விழுக்காட்டுக்கு மேல் குறைத்ததாக அறிவித்தது. கூறுகளுக்கிடையே தரவைக் கடத்துவதும் அவற்றை ஒருங்கிணைப்பதுமே பெருஞ்செலவாயிருந்தன. ஒரே குழுவின் பொறுப்பிலிருந்த கருவியைப் பிரித்ததால் குழுத் தன்னாட்சி என்னும் பயன் விளைய வாய்ப்பில்லை. செலவு மட்டுமே எஞ்சியது.

முடிவுரை

வலையமைப்பு அழைப்புகளின் தாமதமும் பிழைகளும் நுண்சேவைக்குக் கொடுக்கப்படும் விலையாகும். குழுக்கள் ஒன்றையொன்று எதிர்நோக்காமல் இயங்கும் உரிமை கிடைக்கும்போதே அவ்விலைக்குப் பொருளுண்டு. அவ்வுரிமையை அளிக்காமல் நிரலை மட்டும் பிரிக்கும் நிறுவனம், சேவைசார் கட்டமைப்புக் காலத்தின் மையப் பாட்டையை வேறு வடிவில் மீண்டும் கட்டுகிறது. எனவே மென்பொருள் கட்டமைப்பின் வரலாற்றை எழுதுவோர் நிரலோடு நிறுவன ஆவணங்களையும் மூலச்சான்றாகக் கொள்ளுதல் இன்றியமையாதது.