வெண்கண்டல் விதைக்கு ஒரு வாய்க்கால்

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் வெண்கண்டல் மரம் காய்த்திருக்கும்போது ஒரு காயைப் பிதுக்கிப் பாருங்கள். கட்டைவிரல் நுனியளவு சாம்பல்பச்சைத் தோலுக்குள், மடிந்த இரண்டு தடித்த விதையிலைகளும் ரோமம் படர்ந்த முளைவேரும் இருக்கும். மரத்திலேயே முளைக்கத் தொடங்கிவிட்ட பிள்ளை அது. தண்ணீரில் விழுந்து ஊறினால் தோல் கழன்றுவிடும். அப்புறம் ஓதம் இழுத்த இழுப்புக்கு மிதக்க வேண்டியது, சேறு அகப்பட்ட இடத்தில் வேர் இறக்க வேண்டியது.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கும் அந்தச் சேறுதான் கெட்டுப்போனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பல பத்தாண்டுகள் காட்டைக் கூறு போட்டு, முறைவைத்து மொட்டையடித்தார்கள். விஞ்ஞான முறை என்றுதான் அதற்குப் பெயர். நிழல் போனதும் தரை வெயிலில் காய்ந்து, நடுவில் பள்ளமாக அமுங்கிவிட்டது. ஓதத்தோடு உள்ளே வந்த தண்ணீர் திரும்பிப் போக வழியின்றித் தேங்கியது. வெயில் நீரைக் குடித்து உப்பை விட்டுவைத்தது. இங்கே ஓதம் ஒரு மீட்டர்கூட ஏறுவதில்லை. தேங்கிய உப்பை அலசிப் போக அதற்கு வலு ஏது? மிதந்து வந்த விதைகள் கடலைவிடக் கரித்த சேற்றில் செத்தன. பழியோ மாடு மேய்த்தவர்கள் மேலும் விறகு வெட்டியவர்கள் மேலும் விழுந்தது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்து, கோளாறு பள்ளத்தில் என்று கண்டது. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்துகொள்ள, வாய்க்கால் வெட்டினார்கள். இயற்கையான ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்கள்: மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி. ஏறிய தண்ணீர் அதே வழியில் வடிந்தது, கூடவே உப்பும். வாய்க்காலை நெட்டுக்குத்தாக வெட்டவில்லை. மேலே அகலம், கீழே குறுகல். கன்றுக்கு இடம் அந்தச் சரிவில். அடியில் வைத்தால் மூழ்கியே கிடக்கும், மேட்டில் வைத்தால் காய்ந்துவிடும்.

கன்றும் கையுமாகப் படம் பிடித்துக்கொள்கிறவர்கள் இந்த மட்டக்கணக்கைக் கேட்பதேயில்லை. விதைக்கு இங்கே என்றுமே பஞ்சம் இருந்ததில்லை.

சரிவில் பிடித்த கன்று சில ஆண்டுகளில் மரமாகி, இலை வழியே உப்பைக் கக்கி, சேற்றுக்கு மேல் பென்சில் பென்சிலாக மூச்சுவேர்களை நிமிர்த்துகிறது. அந்த வேர்கள் வண்டலைப் பிடித்து வைக்கின்றன. அதே வண்டல் வாய்க்காலையும் தூர்க்கிறது. வாய் அடைபட்டால் தண்ணீர் பழைய பள்ளத்திலேயே தேங்கும் என்பதால், நட்டு முடித்த பிறகும் மண்வெட்டியோடு சேற்றில் இறங்கித் தூர் வார ஆள் வேண்டியிருக்கிறது.